உப்பு, வினிகர், சிவப்புச் சாயம்

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தைப் படித்துத்தான் ரியாக்டிவ் சாயம் வாங்கி வீட்டிலேயே துணி நனைக்க ஆரம்பித்தேன். இப்போது மூன்றடிக்கு நாலடியில் சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரு குவில்ட் (துண்டுத்துணிகளைச் சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைப்பது) தைக்கிறேன். படம் இணைத்திருக்கிறேன். சாம்பல் நீலம் ஓடும் துணி, நடுவே வெட்டிச் செருகிய சிவப்புக் கீற்றுகள், ஓரத்தில் சாயமிடாத வெள்ளை. மேல்துணி தயார். பஞ்சும் அடித்துணியும் வைத்துத் தையல் ஓட்டுவதுதான் பாக்கி. கோடுகளை நெருக்கமாக ஓட்டுவதா, இல்லை சாயம் தானாக விழுந்த கோலத்தைத் தொடாமல் விடுவதா? இதுதான் என் கேள்வி.

இன்னொரு சின்ன விஷயம். ஸ்டீம் அயர்ன் போட்டபோது சிவப்பு வெள்ளையில் இறங்கிவிட்டது. சூடாக்காமலே பிடிக்கும் ‘எம்’ வகை ரியாக்டிவ் சாயம்தான். ஊற்றி அரை மணியில் மாடி வெயிலில் காயவைத்து, சாயம் நிற்கட்டும் என்று உப்பும் வினிகரும் கலந்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். பேசாமல் இயற்கைச் சாயத்துக்கே போய்விடலாமா? வீட்டில் வேறு, “இதெல்லாம் கலையா, ஒட்டுத்துணியா?” என்கிறார்கள்.

மல்லிகா, ஈரோடு

அன்புள்ள மல்லிகா,

படத்தைப் பார்த்தேன். மற்ற கீற்றுகளையெல்லாம் நேராக வைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் லேசாகச் சாய்த்திருக்கிறீர்களே, அந்தக் கண்ணை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர முடியாது. வீட்டுப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 1971-லேயே குவில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. 1979-ல் ஓஹியோவில் ஒரு பழைய மாட்டுக்கொட்டகையில் ‘குவில்ட் நேஷனல்’ கண்காட்சி தொடங்கியது. முடிந்துபோன வழக்கு அது.

இயற்கைச் சாயம் வேண்டாம். இந்தக் காரணத்துக்காக வேண்டாம். சரியாக அலசாவிட்டால் அவுரியும்தான் இறங்கும்.

கடைசியில் ‘சின்ன விஷயம்’ என்று செருகியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். இந்த உப்பு வினிகர் வைத்தியத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே கை அரித்துக்கொண்டிருந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்கப்போவதில்லை, எல்லாரும்தான் சொல்கிறார்கள். பட்டறைகள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு நீங்கள் ஏன் கேட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

ரியாக்டிவ் சாயத்தைப் பருத்தியில் பிடித்துவைப்பது காரம். வேறு எதுவும் இல்லை. சோடா ஆஷ் என்கிற காரப்பொடி சேர்ந்து தண்ணீரின் பி.எச். (கார அளவு) பதினொன்றை ஒட்டி ஏறும்போது சாயம் நூலோடு வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்கிறது. 1956-ல் ஐ.சி.ஐ. நிறுவனம் ‘புரோசியான்’ சாயங்களைக் கொண்டுவந்தபோது அதில் புதுமையே இதுதான். பிணைந்த சாயம் கொதிநீருக்கும் அசையாது. ஆனால் அதே காரத்தில் சாயம் தண்ணீரோடும் வினைபுரியும். அப்படித் தண்ணீரோடு போய்விட்டது செத்த சாயம். அது இனி எந்தக் காலத்திலும் நூலைப் பிடிக்காது. ஆனால் நிறம் போகாது, இழைகளுக்குள் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். போட்டதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து நாலு பங்குவரை இப்படிச் சாகும். உங்கள் வெள்ளையில் இறங்கியதில் பெரும்பகுதி இதுதான். இதை நிற்கவைக்கப் பார்க்கக் கூடாது, துரத்த வேண்டும். ஃபிக்சர் என்று கடையில் விற்பது கொஞ்ச காலம் பிடித்துவைக்கும், வெந்நீரில் துவைத்தால் அதுவும் கைவிடும்.

உப்பு என்ன செய்கிறது? தண்ணீருக்குள் பருத்திக்கும் சாயத்துக்கும் ஒரே எதிர்மின் சுமை. ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தை நூலின் பக்கம் ஒதுக்குகிறது. நிறையத் தண்ணீரில் முக்கிச் சாயமிடும்போது லிட்டருக்கு 50 கிராமும் அதற்கு மேலும் உப்புப் போடுவது அதனால்தான். அங்கே அது சரி. சாயமிட்டு முடித்த துணியை உப்புத் தண்ணீரில் போட்டாலும் உப்பு அதே வேலையைத்தான் செய்யும். வெளியேற வேண்டிய செத்த சாயத்தைத் துணியிலேயே உட்காரவைக்கும். காலையில் வாளித் தண்ணீர் தெளிவாக இருக்கும், நின்றுவிட்டது என்று நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். உப்பில்லாத ஈரம் பட்டவுடன் அத்தனையும் கிளம்பும். ஸ்டீம் அயர்ன் செய்தது அதைத்தான். உப்பு துணியில் தங்குகிற பொருளாக இருந்தால், திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் ஆறு வழியாகப் போய்ச் சேர்ந்த ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் ஏன் கரித்தது? நொய்யல் கெட்டு, வழக்கு உயர்நீதிமன்றம்வரை போய், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவு வந்த கதையை ஈரோட்டுக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா?

வினிகர் கம்பளிக்கும் பட்டுக்கும் போடுகிற ஆசிட் சாயத்தின் துணை. பருத்தியில் அதற்கு வேலையில்லை. அமிலம் துணியில் தங்கிவிட்டால் எம் வகைச் சாயத்தின் பிணைப்பு நாளடைவில் அறுபடவும் செய்யும்.

வெயிலில் காயவைத்தது அடுத்த கூத்து. பிணைப்பு நடக்க ஈரம் வேண்டும். துணி காய்ந்த நிமிஷத்தில் வேலை நின்றுவிடும்.

100 கிராம் துணிக்குக் கணக்குச் சொல்கிறேன். கஞ்சி போகக் கொதிக்கவைத்து அலசியது, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு நிற்காமல் உடனே உறிஞ்ச வேண்டும். லிட்டருக்கு 50 கிராம் சோடா ஆஷ் கரைத்துக் கால் மணி ஊறவைத்துப் பிழியுங்கள். சலவைச் சோடாப் படிகம் என்றால் பாதிக்கு மேல் தண்ணீர்தான், இரண்டரை மடங்குக்கும் சற்று அதிகமாக வேண்டும். ஆப்ப சோடா உதவாது. சாயம் நடுத்தர நிறத்துக்கு 2 கிராம், உங்கள் சிவப்புக்கு 4. முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்துப் பிறகு கரைக்க வேண்டும். பொடியைத் தொடும்போது மாஸ்க் கட்டாயம், நுரையீரலுக்கு ஆகாது. ஊற்றியபின் பாலித்தீன் பையில் கட்டி ஒரு ராத்திரி வையுங்கள். டர்க்காய்ஸ் (பச்சை கலந்த நீலம்) மெதுவாகப் பிடிக்கிற சாயம், அதற்கு ஒரு நாள் முழுக்க.

அலசுவது இரண்டு கட்டம், வரிசை மாறக் கூடாது. முதலில் பச்சைத் தண்ணீர். துணியில் சோடாவின் வழுவழுப்புப் போகும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். உப்பும் காரமும் இருக்கும்வரை செத்த சாயம் துணியை விடாது. பிறகு கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, மூடி, ஆறும்வரை விடுங்கள். கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். சூடுதான் இழைக்குள் இருப்பதை வெளியே கொண்டுவரும், வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துத் தடவை அலசினாலும் வராது. போர் தண்ணீர் சோப்பு நுரைக்காத கடினநீராக இருந்தால் லிட்டருக்கு 2 கிராம் கால்கன் (கடினத்தன்மையைத் தணிக்கும் பொடி) சேர்த்துக்கொள்ளுங்கள். போதுமா என்று பார்க்க, ஈரத்துணியை வெள்ளைப் பருத்தித் துணிமேல் வைத்து, காயும்வரை சூடான இஸ்திரியை அழுத்துங்கள். வெள்ளையில் சாயல் தெரிந்தால் மறுபடியும் வெந்நீர்.

உங்கள் மேல்துணியைக் காப்பாற்றலாம். வினிகர் செய்த ஒரே நல்ல காரியம், துணியில் மிச்சமிருந்த சோடாவைத் தீர்த்தது. காரம் இல்லாததால் வெள்ளையில் இறங்கிய சிவப்புக்கும் அங்கே பிடிப்பில்லை. ஓரம் சுற்றி ஒரு தையல் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பிசிறு பிரியும். பெரிய டப்பில் 60 டிகிரி வெந்நீர், ஒரு கரண்டி லிக்விட் சோப்பு. துணி மடங்காமல், ஒரு மூலைகூட வெளியே தெரியாமல் மூழ்கியிருக்க வேண்டும். ராத்திரி முழுக்க விட்டு, தண்ணீர் தெளியும்வரை மாற்றுங்கள். நடுவில் எடுத்துக் காயப்போட வேண்டாம். சிவப்பு கொஞ்சம் வெளிறும். அரை மணியில் காயவைத்ததற்கு அது கூலி.

கோடுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் இல்லையா. ஒரு பக்கம் நெருக்கமாகவும் இன்னொரு பக்கம் வெறுமையாகவும் ஓட்டினால் நெருக்கமான இடம் சுருங்கி, வெறுமையான இடம் உப்பி, சுவரில் அலையடிக்கும். அரை அங்குல இடைவெளி என்றால் எல்லா இடத்திலும் ஏறக்குறைய அதே இடைவெளி. நீலத்தில் அந்த நீலத்தையே ஒத்த நூலில், சாயம் வெளிறும் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு ஓட்டுங்கள், கோலம் மறையாது. சிவப்புக் கீற்றின் மேல் ஓட்ட வேண்டாம், இரண்டு பக்கமும் தையலோரமாகவே போங்கள். 90-ம் நம்பர் ஊசி போதும். இஸ்திரிச் சோதனையில் வெள்ளை வெள்ளையாகவே வந்த பிறகு பஞ்சைக் கீழே விரியுங்கள்.