தோல் நன்றாக இருக்கும்போதே ஆழமான படுக்கைப்புண் வருவது எப்படி?

படுத்திருப்பவரின் தோலில் ஒன்றுமே தெரியாமல் இருந்து, சட்டென்று ஆழமான புண் வந்தது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஈரமும் உராய்வும் சேர்ந்தால் புண் மேல்தோலில் தொடங்கும். நீங்கள் சொல்வது மற்ற வகை. எலும்பை ஒட்டிய தசையில் தொடங்கி வெளியே வருவது.

இரத்த ஓட்டம் தடைபடுவதுதான் காரணம் என்று வெகுகாலம் நினைத்தார்கள். 1930-ல் லாண்டிஸ் என்ற ஆய்வாளர் விரல்நக மடிப்பின் தந்துகிகளில் (மிக நுண்ணிய இரத்தக் குழாய்களில்) அளந்த சுமார் 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம், பாதுகாப்பு எல்லை போலவே புழங்கியது. விரலில் எடுத்த அளவை இடுப்புக்குப் பொருத்தியதை என்னவென்று சொல்வது! 1959-ல் கோசியாக் என்ற மருத்துவர் நாய்களில் செய்த சோதனைகள், அழுத்தத்தோடு நேரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று காட்டின.

அப்புறம் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் கணினி மாதிரிகளும் வந்தன. உட்காரும்போது எலும்பு முனைக்கு அடியில் தசை கடுமையாக நசுங்குவது தெரிந்தது. அந்த உருக்குலைவே செல்லின் சவ்வையும் உள்சட்டகத்தையும் குலைத்துவிடும். அது மிக அதிகமானால் சில நிமிடங்களிலேயே சேதம் தொடங்கலாம். இரத்தம் போகாததால் வரும் சேதத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும். தோலைவிடத் தசைதான் இதைத் தாங்காது.

உள்ளே நடந்தது வெளியே ஊதா நிறமாகத் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். கருத்த தோலில் நிறமாற்றம் எளிதில் புலப்படாது. தொட்டு, சூடும் இறுக்கமும் வலியும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடத்தில் பாரம் விழாமல் படுக்கவைத்து, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கே தேய்த்துவிட வேண்டாம்.