கைதட்டி வரவேற்றாச்சு, அப்புறம்?

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு ஆசிரியை. ஆண்டின் நடுவில் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவனுக்கு எங்கள் மொழியே தெரியாது. முதல் நாள் கைதட்டி வரவேற்றோம். அதன்பிறகு யாரும் அவர்களைக் கேலி செய்யவில்லை, ஆனால் விளையாட்டுக்குக் கூப்பிடவும் இல்லை. ‘அன்பாக இருங்கள்’ என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். வேறென்ன செய்யலாம்?

பதில்: ‘அன்பாக இருங்கள்’ என்றால் எழுந்து போய் என்ன செய்வது என்று பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. பெரும்பாலும் மனம் இல்லாமல் இல்லை, கூச்சம்தான். அதனால் பேசவேண்டிய வாக்கியத்தையே சொல்லிக்கொடுங்கள். ‘எங்கிருந்து வந்தே, ஏன் வந்தே’ என்று அடுக்கினால் விசாரணை மாதிரி ஆகிவிடும். ‘எங்க டீமில் ஒரு ஆள் குறையுது, வர்றியா?’ போதும்.

துணைக்கு ஒரே ஒருவரை நியமிக்காதீர்கள். அவர் லீவு போட்ட அன்று புதியவர் தனிமரம். இரண்டு மூன்று பேர் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். முதல் ரேங்க் மாணவரையே இதற்கும் தேடிப் பிடிப்பது நம் பழக்கம். போன வருடம் தானே புதிதாக வந்து திண்டாடிய பிள்ளைக்கு இந்த வேலை இன்னும் நன்றாக வரும்.

வகுப்புக்குள்ளே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், அதுவரை இனவாரியாகப் பிரிந்திருந்த பிள்ளைகள் ஒரே வகுப்புக்கு வந்து மோதிக்கொண்டிருந்தார்கள். எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் அங்கே ஒரு முறையைக் கொண்டுவந்தார். பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கு ஒன்று கொடுப்பது. ஒரே துண்டு கிடைத்தவர்கள் எல்லாக் குழுக்களிலிருந்தும் முதலில் கூடிப் பேசித் தயாராவார்கள். பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்கு விளக்குவார்கள். தேர்வு முழுப் பாடத்திலும் வரும். ஆக, ஒருவரை ஒதுக்கினால் நஷ்டம் ஒதுக்கியவர்களுக்கும்தான். யாரும் யார்மீதும் இரக்கப்பட வேண்டியதில்லை என்பதாலேயே எனக்கு இது பிடிக்கும். மொழி தெரியாத மாணவனுக்குப் படமோ வரைபடமோ உள்ள துண்டைக் கொடுங்கள்.

அவன் சில வாரங்கள், ஏன் சில மாதங்கள்கூட, பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கலாம். புது மொழிக்குள் வருகிறவர்களிடம் இது சகஜம். ‘திமிர்’ என்று மற்றவர்கள் முடிவுகட்டுவதற்குள் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அவன் பெயரை வாய்க்கு வசதியாகச் சுருக்காமல், சரியாகச் சொல்ல எல்லாரும் பழகட்டும்.

சாப்பாட்டு இடைவேளையையும் ஒரு வாரம் கவனியுங்கள். தனியாக உட்கார்ந்திருந்தால், எல்லார் முன்னாலும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைக்க வேண்டாம், பாவம், கூசிப்போய்விடுவான். மறுநாள் காலையில் அன்றைய துணை மாணவரிடம் மெதுவாகச் சொல்லிவையுங்கள்.