சேஃப்டி ஆபீசர் ஆக நெபோஷ் மட்டும் போதுமா? அடிப்படையா என்ன தெரிஞ்சிருக்கணும்?

கீழக்கரை பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார், டிப்ளமா மெக்கானிக்கல் முடிச்சாச்சு, சொந்தக்காரங்க பாதிப்பேரு கல்ஃப்லதான் இருக்காங்க, சேஃப்டி லைன்ல போகலாம்னு ஆசை, நெபோஷ்ங்கிற பிரிட்டிஷ் சேஃப்டி சர்டிபிகேட் எடுத்தா வேலை கிடைச்சிருமா, அதுக்கு முன்னாடி அடிப்படையா எதைக் கத்துக்கணும்னு.

தம்பி, நானும் நம்ம பக்கம்தான், மண்டபம். சவுதி, கத்தார்னு ரிஃபைனரி ஷட்டவுன்லயும் (பிளான்ட்டை நிறுத்தி பழுது பாக்குற நேரம்) கட்டட சைட்லயும் சேஃப்டி பாத்தவன். சர்டிபிகேட் கதைய கடைசியில சொல்றேன், அதுக்கு முன்னாடி மனசுல ஏத்திக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. புதுசா வர்ற பசங்க நிறைய பேரு சேஃப்டின்னா ஹெல்மெட் போட்டிருக்கானா, ஷூ போட்டிருக்கானான்னு சைட்ட சுத்தி வந்து, போடாதவனை போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்ல போடுறதுன்னு நினைச்சுட்டு வர்றாங்க. ஆளைப் பாக்குறதுக்கு முன்னாடி இடத்தைப் பாருங்க. என்ன வேலை, எதனால அடிபடும், அந்த 'எதனால'வ அங்கேயே ஒழிக்க முடியுமான்னு பாருங்க. ஹெல்மெட் கடைசி.

எல்லா புத்தகத்துலயும் ஒரு வரிசை இருக்கும். முதல்ல ஆபத்தையே இல்லாம பண்ண முடியுமா, முடியலன்னா அதுக்குப் பதிலா ஆபத்து குறைஞ்ச ஒண்ண வைக்க முடியுமா, அதுவும் முடியலன்னா ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவுல மெஷின்லயே ஒரு தடுப்பு போட முடியுமா, அதுக்கும் அப்புறம்தான் ரூல், டிரெய்னிங், போர்டு, கடைசியா உடம்புல மாட்டுற கிளவுஸ், மாஸ்க், ஹெல்மெட். பரீட்சைக்கு எல்லாரும் மனப்பாடம் பண்ணிருவாங்க, ஆனா ஏன் இந்த வரிசைன்னு கேட்டா முழிப்பாங்க. மேல இருக்கிறது ஆளோட மூடு, தூக்கம், அவசரம் எதையும் நம்பி இல்லை, அது பாட்டுக்கு வேலை செய்யும். கீழ இருக்கிறது ஒவ்வொரு தடவையும் ஒருத்தன் ஞாபகம் வச்சு சரியா செஞ்சாத்தான் காப்பாத்தும், நம்ம ஊரு மே மாச வெயில்ல சாயங்காலம் நாலு மணிக்கு யாருக்கு அந்த ஞாபகம் இருக்கும் சொல்லுங்க.

நம்ம பாம்பன் பழைய ரயில் பாலத்தையே எடுத்துக்கங்க. அங்க காத்து வேகம் பாக்குற கருவி வச்சு சிக்னலோட இணைச்சிருந்தாங்க, காத்து மணிக்கு 58 கிலோமீட்டருக்குப் போச்சுன்னா சிக்னல் தானா சிவப்பு ஆயிரும். டிரைவர் தைரியசாலியா, ஸ்டேஷன் மாஸ்டர் வண்டி லேட்டாகுதுன்னு அவசரப்படுறாரா, அந்தப் பேச்சுக்கே இடம் கிடையாது. 1964 புயல்ல தனுஷ்கோடி கிட்ட ரயிலையே கடல் கொண்டுபோன ஊர் நம்ம ஊர், இங்க 'பாத்து ஓட்டுப்பா'ன்னு போர்டு வச்சா போதும்னு விடல பாருங்க. மெஷின்லயே தடுப்புன்னு சொல்றது இதைத்தான்.

இப்ப ஐஸ் கம்பெனிக்கு வருவோம், ராமேஸ்வரம், மண்டபம், பாம்பன், தொண்டின்னு மீன்பிடி இருக்கிற இடமெல்லாம் ஐஸ் கம்பெனி இருக்கும், அநேகமா எல்லாமே அம்மோனியாவுல ஓடுறது. எது ஆபத்தான வேலைன்னு கேட்டா எல்லாரும் கம்ப்ரசரைக் காட்டுவாங்க, நான் ஆயில் இறக்குறதைத்தான் சொல்லுவேன். கம்ப்ரசர்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஆயில் அம்மோனியாவோட போய்க்கிட்டே இருக்கும், ரெண்டும் கலக்காது, ஆயில் கனம் அதிகங்கிறதால அம்மோனியா நிக்கிற ரிசீவர் டேங்க் அடியில தங்கிரும், அப்பப்ப கீழ இருக்கிற வால்வைத் திறந்து வாளியில பிடிக்கணும். ஆபரேட்டர் அண்ணே குத்த வச்சு உக்காந்து வால்வைத் திறக்குறாரு, ஆயில் கெட்டியா மெதுவா வடியுது, அஞ்சு நிமிஷம் ஆகும்னு பீடி பத்த வைக்கவோ மோட்டார் சுவிட்சைப் பாக்கவோ எந்திரிச்சு போறாரு. ஆயில் தீந்த அடுத்த செகண்டு பின்னாடியே நிக்கிறது திரவ அம்மோனியா, அது மைனஸ் 33 டிகிரியிலயே கொதிக்கிற சாமான், வெளிய வந்த உடனே புகையா விரியும். வால்வை மூடணும்னா அந்தப் புகைக்குள்ள போகணும். காத்துல 300 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 300 பங்கு, இருந்தாலே உயிருக்கு ஆபத்துன்னு கணக்கு, கண்ணுல பட்டா பார்வையே போயிரும்.

இதுக்கு என்ன பண்ணுவீங்க? 'கவனமா இரு அண்ணே'ன்னு சொல்றது ஒரு வழி, மாஸ்க் வாங்கிக் குடுக்கிறது இன்னொரு வழி, ரெண்டும் வேணும்தான். ஆனா ஸ்பிரிங் வச்ச வால்வுன்னு ஒண்ணு இருக்கு, கையால அமுக்கிப் பிடிச்சாத்தான் திறந்திருக்கும், கையை எடுத்தா பட்டுன்னு மூடிக்கும். அதைப் போட்டுட்டா ஆளு எந்திரிச்சு போகவே முடியாது, போனா ஆயில் நின்னுரும். ஒரு கம்பெனி மொத்தத்துக்கும் ஆகுற செலவோட பாத்தா அது ஒரு செலவே இல்லை. இந்த மாதிரி ஒண்ண கண்டுபிடிச்சு முதலாளிய சம்மதிக்க வைக்கிறவன்தான் என்னைப் பொறுத்தவரை சேஃப்டி ஆபீசர். அம்மோனியா கசிஞ்சா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து அதுக்குக் குறுக்கால விலகி ஓடணும், துணிய நனைச்சு மூக்குல வச்சுக்கணும், கண்ணுல பட்டா குறைஞ்சது 15 நிமிஷம் தண்ணி ஊத்தணும், தரையில தேங்கி நிக்கிற திரவத்து மேல மட்டும் தண்ணி அடிக்கக் கூடாது, அடிச்சா இன்னும் வேகமா கொதிச்சு கிளம்பும். ஐஸ் உடைக்கிற கிரஷர்லயும் இதே பாடம்தான், ஐஸ் பார் தள்ளுற வாய் ஆழமா, கை உள்ள பல்லுக்கு எட்டாத மாதிரி இருந்துட்டா அங்க விரல் போறதே நின்னுரும்.

அடுத்தது மூடின இடம். இதுல நான் ரொம்ப கண்டிப்பா இருப்பேன், ஏன்னா செத்தவங்க எல்லாம் நல்லவங்க. விசைப்படகுல அடியில மீனும் ஐஸும் போடுற அறை இருக்கும்ல, மூடி கிடந்து மிச்சம் மீத மீனு அழுகி தண்ணியோட தேங்கியிருந்தா அங்க ஆக்சிஜன் குறைஞ்சு ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பிரும். வீட்டு செப்டிக் டேங்க்லயும் அதேதான், மூடிக் கிடந்த இரும்பு டேங்க்ல துருவே ஆக்சிஜனைத் தின்னுரும். நம்ம மூச்சு விடுற காத்துல ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5க்குக் கீழ போச்சுன்னா யாரும் இறங்கக் கூடாது. நாத்தம் வந்தா தெரியுமேன்னு சொல்லுவாங்க, அழுகின முட்டை வாடை கொஞ்சமா இருக்கும்போதுதான் தெரியும், 100 பிபிஎம் கிட்ட போனா மூக்கே மரத்துப் போயிரும், வாடை போயிருச்சு இனி பயமில்லைன்னு நினைக்கிற நேரம்தான் சாகுற நேரம். முதல் ஆள் இறங்கி விழுவான், மேல நிக்கிறவன் அண்ணனோ மச்சானோ, பாத்துட்டு நிக்க மனசு வருமா, குதிச்சிருவான், அவனும் விழுவான். அமெரிக்காவுல நியோஷ்னு ஒரு அரசு ஆராய்ச்சி நிறுவனம் 1986ல சொன்ன கணக்கு, மூடின இடத்துல செத்தவங்கள்ல 60 சதவீதத்துக்கும் மேல காப்பாத்த இறங்கினவங்க. அதனால இறங்குறதுக்கு முன்னாடியே மீட்டர் வச்சு மேல, நடுவுல, அடியில மூணு இடத்துலயும் பாக்கணும், முதல்ல ஆக்சிஜன், அப்புறம் தீப்பிடிக்கிற கேஸ், அப்புறம் விஷ வாயு. ஃபேன் வச்சு காத்து உள்ள தள்ளிக்கிட்டே இருக்கணும், இறங்குறவன் உடம்புல ஹார்னஸும் கயிறும் இருக்கணும், மேல இருக்கிறவன் இறங்காமயே இழுத்து தூக்குற மாதிரி முக்காலி ஸ்டாண்ட் நிக்கணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் வேலை கிடையாது.

அடுத்தது பர்மிட், அதாவது வேலை தொடங்க எழுதி வாங்குற அனுமதி, அப்புறம் லாக் அவுட், அதாவது வேலை நடக்கும்போது மெஷினை யாரும் ஓட்ட முடியாதபடி பூட்டுறது. பர்மிட்னா கையெழுத்து வாங்குற பேப்பர்னு ஆகிப்போச்சு, அது தப்பு. 1988 ஜூலை 6, வட கடல்ல பைப்பர் ஆல்ஃபான்னு எண்ணெய் எடுக்குற மேடை. பகல் ஷிஃப்ட்ல ஒரு பம்போட பிரஷர் வால்வைக் கழட்டி வேலைக்கு எடுத்துட்டு, திறந்த பைப்புக்கு தகடு வச்சு மூடிட்டு போயிட்டாங்க. நைட் ஷிஃப்ட்ல இன்னொரு பம்ப் நின்னுபோச்சு, வால்வு கழட்டுன பர்மிட் அவங்க கண்ணுலயே படல, நல்லாத்தான் இருக்குன்னு நினைச்சு கழட்டின பம்பை ஸ்டார்ட் பண்ணிட்டாங்க. 167 பேர் போயிட்டாங்க. அந்த பம்ப் சுவிட்சுல ஒரு பூட்டு தொங்கி, சாவி வேலை செஞ்சவன் பாக்கெட்ல இருந்திருந்தா யாராலயும் ஸ்டார்ட் பண்ணிருக்க முடியாது. இதை நினைச்சுக்கிட்டே பர்மிட் எழுதுங்க. பூட்டு போட்ட பிறகு ஒரு தடவை ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பாத்து ஓடலன்னு உறுதி பண்ணிட்டுத்தான் கையை உள்ள விடணும், ஷிஃப்ட் மாறும்போது போற ஆளும் வர்ற ஆளும் மெஷின் பக்கத்துல நின்னு பேசணும்.

நம்ம ஊர்லயே இதை நேர்ல பாக்கணும்னா தடைக்காலம்தான் நேரம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு படகு கடலுக்குப் போகாது, கரையேத்தி வெல்டிங், பெயிண்ட், இன்ஜின் வேலைன்னு எல்லாம் ஒரே நேரத்துல ஒரே இடத்துல நடக்கும். ஈர மணல்ல ஒயரு கிடக்கும், ஜாயின்ட்ல இன்சுலேஷன் டேப்பு உரிஞ்சு நிக்கும், அதுல கிரைண்டர் ஓடும். 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட்டு கசிஞ்சா தானா லைனை வெட்டுற சுவிட்ச், ஒண்ணு அந்த லைன்ல இருந்தா ஷாக் அடிச்ச கணமே கரண்ட்டு நின்னுரும். இன்னொண்ணு, டீசல் டேங்க் காலியாத்தான் இருக்கு வெல்டிங் வைக்கலாம்னு சொல்லுவாங்க, காலி டேங்க்தான் வெடிக்கும், உள்ள இருக்கிறது ஆவி. கழுவி, கேஸ் இல்லைன்னு மீட்டர்ல பாத்த பிறகுதான் நெருப்பு. வெல்டிங் முடிஞ்சும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஒரு ஆள் நின்னு பாத்துக்கணும், பொறி எங்கயாவது மரத்துக்குள்ள கனிஞ்சுக்கிட்டு இருக்கும்.

இதெல்லாம் எனக்கு கிளாஸ்ல சொன்னதைவிட ஆபரேட்டர், ஃபிட்டர், பாரம் தூக்கிக் கட்டுற ரிக்கர்கிட்ட உக்காந்து கேட்டுத்தான் அதிகம் புரிஞ்சுச்சு. 'அண்ணே, இந்த வேலையில உங்களுக்கு எது பயம்'னு கேட்டுப் பாருங்க, ரிஸ்க் அசெஸ்மென்ட்ல, அதாவது வேலையோட ஆபத்தை எழுதி வைக்கிற பேப்பர்ல, இல்லாத நாலு விஷயம் வெளிய வரும். மயிரிழையில தப்பிச்சதை அவங்க உங்ககிட்ட வந்து சொல்லணும்னா, சொன்னவன் மேல மெமோ பாயாதுன்னு நம்பிக்கை வரணும். சொன்னவனைத் திட்டினா அடுத்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது, அடிபட்ட பிறகுதான் தெரியும். வேலையை நிறுத்துற உரிமை கடைசி ஹெல்பருக்கும் இருக்குன்னு சும்மா போர்டுல எழுதாம, ஒருத்தன் நிறுத்தும்போது ஃபோர்மேன் முன்னாடி அவன் பக்கம் நில்லுங்க. கல்ஃப் சைட்ல தமிழ், இந்தி, பெங்காலி, நேபாளின்னு கலந்து இருப்பாங்க, வேலை ஆரம்பிக்கும் முன்னாடி நடக்கிற டூல்பாக்ஸ் மீட்டிங்ல இங்கிலீஷ்ல படிச்சு கையெழுத்து வாங்குனா ஒண்ணும் ஏறாது, இந்தி பேசக் கத்துக்கிட்டுப் போங்க.

வெயிலையும் ஆபத்தா எழுதுங்க. வாலிநோக்கம் உப்பளத்துல நிக்கிறவங்களைப் பாத்த நமக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கத்தார்ல ஜூன் 1ல இருந்து செப்டம்பர் 15 வரை காலை 10ல இருந்து மதியம் 3.30 வரைக்கும் வெட்டவெளி வேலை தடை, சவுதியில ஜூன் 15ல இருந்து 12 முதல் 3 வரை. புதுசா வந்தவன் உடம்பு பழக ஒரு வாரத்துக்கு மேல ஆகும், முதல் நாளே முழு வேலை குடுக்க விடாதீங்க, அந்த நாட்கள்லதான் அதிகமா சுருண்டு விழுவாங்க.

சரி, சர்டிபிகேட். நெபோஷ் ஐஜிசி பிரிட்டிஷ் சர்டிபிகேட், கல்ஃப்ல கேப்பாங்க, எடுங்க. அதுல ரெண்டாவது பேப்பர் ஒரு நிஜ வேலை இடத்துக்கு ரிஸ்க் அசெஸ்மென்ட் எழுதுறது, குறைஞ்சது 10 ஆபத்து காட்டணும். இன்டர்நெட்ல யாரோ எழுதின ஆபீஸ் ரிப்போர்ட்டை மாத்தி எழுதாம, அனுமதி கேட்டு ஒரு ஐஸ் கம்பெனியிலயோ படகு வேலை நடக்கிற இடத்துலயோ நின்னு எழுதுங்க, இன்டர்வியூல அதைப் பத்தி கேட்டா வாய் தானா பேசும். ஆனா இந்தியாவுல பேக்டரியில சட்டப்படி சேஃப்டி ஆபீசரா உக்காரணும்னா நெபோஷ் போதாது, டிகிரி இல்ல டிப்ளமாவோட அனுபவமும், அரசு ஒத்துக்கிட்ட இண்டஸ்ட்ரியல் சேஃப்டி டிப்ளமாவும் வேணும், சென்னை தரமணியில மத்திய அரசோட மண்டல தொழிலாளர் நிலையத்துல அந்த ஒரு வருஷ கோர்ஸ் இருக்கு. 1948 பேக்டரி சட்டத்துல 1000 பேர் இருந்தா ஆபீசர் கட்டாயம்னு இருந்துச்சு, 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த புது சட்டத்தொகுப்புல அது 500, ஆபத்தான தொழில்னாலும் கட்டட வேலைன்னாலும் 250. பத்து இருபது பேரு வேலை பாக்குற ஐஸ் கம்பெனி இந்தக் கணக்குக்குள்ள வரவே வராது, அங்க யாருமே பாக்க ஆளில்லைங்கிறது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

முதல் வேலையா ஷட்டவுன்ல ஹோல் வாட்ச், ஃபயர் வாட்ச் கிடைச்சா சம்பளம் கம்மின்னு தள்ளாதீங்க தம்பி. டேங்க் வாசல்ல நின்னு உள்ள போன ஒவ்வொரு ஆளையும் எண்ணி, மீட்டரைப் பாத்து, எல்லாரும் வெளிய வர்ற வரைக்கும் நகராம நிக்கிற வேலை ஹோல் வாட்ச், வெல்டிங் நடக்கிற இடத்துல தீப்பிடிக்காம பாத்துக்கிறது ஃபயர் வாட்ச். ஏஜென்ட்டுக்கு பணம் கட்டுறதுக்கு முன்னாடி விசாவுல என்ன தொழில் போட்டிருக்குன்னு மட்டும் பாத்துக்கங்க, சேஃப்டின்னு சொல்லி ஹெல்பர் விசாவுல அனுப்புறவங்க இருக்காங்க. வேற எதுவும் கேக்கணும்னா கீழ கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.