ஆடுகிற பழைய கடல் கயாக்: காசல்ரீக் காற்றில் இறக்கலாமா?

கேள்வி: நோர்வூட்டில் சிறிய தங்குவிடுதி நடத்துகிறேன். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஓட்ட ஒரு பழைய பைபர் கடல் கயாக் (மேல்தட்டு மூடிய ஒடுக்கமான துடுப்புப் படகு) விலைக்கு வந்திருக்கிறது. நீளம் 5.4 மீற்றர், அகலம் 53 சென்ரிமீற்றர், உட்காரும் வாய் சின்ன வட்டம். காற்றே இல்லாத காலையிலும் ஆடுகிறது. காற்றடித்தால் மூக்கு காற்றுப் பக்கமே திரும்பிக்கொள்கிறது. "கடலுக்கென்று செய்தது, இந்தக் குளத்து அலை எம்மாத்திரம்" என்கிறார் தரகர். என் எடை 52 கிலோ. படகில் கோளாறா, எனக்கு ஓட்டத் தெரியவில்லையா?

பதில்: இரண்டும் இல்லை. நீங்கள் தந்த அளவுகள் 1970களின் பிரித்தானியக் கடல் கயாக்குக்கு உரியவை. அந்த வகையில் பேர்போனது, ஃபிராங்க் குட்மன் 1975இல் நோர்வேயின் வடகோடிப் பயணத்துக்காக வரைந்த நோர்ட்காப். 1977இல் தென்னமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹோர்னைச் சுற்றியதும் அதே வடிவம்தான். கூடாரமும் நாள்கணக்கான சாப்பாடும் ஏற்றிக்கொண்டு போக வரைந்த படகு அது. உங்களுடையது அசலா நகலா என்பது இங்கே முக்கியமில்லை, குணம் ஒன்றுதான்.

முதலில் ஆட்டம். அடி உருண்டையாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் நேராக நிற்கும்போது நிலையில்லாதது போல் தோன்றும். ஓரளவு சாய்ந்தபின் பக்கவாட்டு தண்ணீரில் அமிழ்ந்து, அதற்குமேல் சாய விடாமல் தாங்கும். அலையில் இதுவே நன்மை. அகலமான தட்டைப் படகு அலையின் சரிவோடு சேர்ந்து தானும் சரியும். இது அலையைக் கீழே ஓடவிட்டு உங்களை நேராக வைத்திருக்கும். ஆனால் இடுப்பு தளர்ந்திருக்க வேண்டும். கொழுந்து மூட்டையோடு சரிவில் இறங்குகிறவருக்கு இடுப்புதான் அசையும், தலை அசையாது, அதே கணக்கு. உடம்பை விறைத்துக்கொண்டு துடுப்பைத் தூக்கிப் பிடித்தால் எந்த அலையும் கவிழ்க்கும்.

இனி மூக்கு திரும்புவது. ஓடும் படகின் முன்பக்கத்தைத் தண்ணீர் இருபுறமும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பின்பக்கத் தண்ணீர் கலங்கித் தளர்ந்திருக்கும். காற்று பின்பக்கத்தைத் தள்ளிவிட, மூக்கு காற்றை நோக்கிப் போகிறது. திருத்த, காற்று வரும் பக்கத்துப் பிட்டத்தை அழுத்தி மறுபக்க முழங்காலை மேல்தட்டில் உயர்த்துங்கள். படகு காற்றுப் பக்கம் சற்றுச் சாயும். அந்தச் சாய்வை விடாமல், அதே பக்கத்தில் துடுப்பை முன்னிருந்து பின்வரை அகல வீசுங்கள். பின்காற்றில் அலை வாலைத் தூக்கிப் படகைக் குறுக்கே திருப்பும். பழகும்வரை அந்தத் திசையில் ஓட வேண்டாம்.

இத்தனையும் 80 கிலோ ஆளுக்குச் சரி. 52 கிலோ ஆளுக்குக் கணக்கு வேறு, அதை யாரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. படகு தண்ணீருக்கு மேலே உயர்ந்து மிதக்கும். ஆட்டம் கூடும், காற்றுக்குப் பிடி கூடும், சாய்ந்தால் தாங்கும் பக்கவாட்டு தண்ணீரைத் தொடவே நேரமெடுக்கும். ஐந்து லீற்றர் தண்ணீர்க் கலன் நான்கு எடுங்கள். மூன்றை இருக்கைக்குப் பின்னாலுள்ள அறையில், அதை உட்காரும் இடத்திலிருந்து பிரிக்கும் தடுப்புச் சுவரோடு ஒட்டி, நடுக்கோட்டில் வையுங்கள்; ஒன்று முன்னறையில். வாலின் நுனிவரை தள்ளாதீர்கள், தள்ளினால் மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பத் தொடங்கும். கலன்கள் உருளாதபடி கட்டுங்கள். உருளும் பாரம் பாரமே இல்லாததைவிட மோசம். கல்லும் மணலும் வேண்டாம். படகுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் கல் கீழே இழுக்கும், தண்ணீர்க் கலன் இழுக்காது. இருபது கிலோவில் படகின் குணமே மாறிவிடும். சாமான் ஏற்றிய பெரிய ஆளுக்கு இது எதுவும் தேவையில்லை.

"கடல் படகு நன்னீரில் தாழும்" என்று பயமுறுத்தி விலையைக் குறைப்பவர்களும் உண்டு. கடல்நீர் சுமார் இரண்டரை வீதம் அடர்த்தி கூடியது, அவ்வளவுதான், கண்ணுக்கே தெரியாது. விற்கிற தரகரின் பொய்கள்தான் ஆபத்து. வெடிப்பின்மேல் புதுப் பெயின்ட் அடிப்பார்கள். தடுப்புச் சுவர் இல்லாத மூக்குக்குள் பஞ்சு நுரையை ஊதி அடைத்து "மூழ்கவே மூழ்காது" என்பார்கள். அந்த நுரை காலப்போக்கில் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். மூக்கு திரும்புவதை மறைக்க வாலடியில் ஒரு தகட்டைத் திருகாணியால் பொருத்துவார்கள். திருகாணித் துளை ஒவ்வொன்றும் ஒழுக்கு. கித்துல்கலவுக்கும் கொண்டுபோகலாம் என்று சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். களனி ஆற்றின் பாறை இடுக்கில் ஐந்தரை மீற்றர் படகைத் திருப்பவே முடியாது.

வாங்குமுன் ஒரு சோதனை, தரகர் முகம் சுளித்தாலும். படகை இரண்டு டயர்மேல் வையுங்கள். பின்னறையில் பத்து லீற்றர் தண்ணீர் ஊற்றி, வாலை உயர்த்துங்கள்; தண்ணீர் சுவரில் வந்து நிற்கும். உட்காரும் பக்கமிருந்து சுவரின் விளிம்பெல்லாம் காய்ந்த டிஷ்யூ ஒட்டிக் கால்மணி நேரம் பாருங்கள். முன்னறைக்கு மூக்கை உயர்த்தி இதையே செய்யுங்கள். அறைகளின் இறப்பர் மூடி விளிம்பைக் கட்டைவிரலால் மடக்கும்போது நுண்வெடிப்பு தெரிந்தால் மூடி செத்துவிட்டது. ஓர் அறை ஒழுகிக் கவிழ்ந்தால் அந்த முனை அமிழ்ந்து, மறுமுனை வானத்தைப் பார்த்து நிற்கும். அந்த நிலையில் தண்ணீரை இறைக்க முடியாது, ஏறவும் முடியாது.

சின்ன வட்ட வாய்க்குள் முதலில் காலை நீட்டி விட்டு, பிறகுதான் உட்கார முடியும். கவிழ்ந்தால் வெளியேறுவது அதற்கு எதிர் ஒழுங்கில், இடுப்பு முதலில், கால் பிறகு: ஸ்பிரே ஸ்கர்ட்டின் (இடுப்பில் அணிந்து வட்ட வாயை மூடும் நீர்த்தடுப்புத் துணி) பிடிவார் எப்போதும் வெளியே கிடக்க வேண்டும், அதை முன்னே தள்ளி இழுத்து, முன்னால் குனிந்து, இடுப்பைத் தள்ளி வெளியே வரவேண்டும். இடுப்பளவு தண்ணீரில், பக்கத்தில் ஆள் நிற்க, பழகுங்கள். விருந்தினரிடம் இந்தப் படகைக் கொடுக்கவே வேண்டாம்.

தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை. காற்று பள்ளத்தாக்கில் ஒடுங்கி, திடீர் திடீரென்று அடிக்கும்; அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் வரும், இந்த நீளத்துக்குப் படகு ஒரே நேரத்தில் இரண்டு முகட்டில் கிடக்கும். நீர் நிரம்பி வான்பாயும் நாள்களில் அணைப்பக்கமே போகாதீர்கள். விமலசுரேந்திர மின்நிலையத்துக்குத் தண்ணீர் இழுக்கும் சுரங்க வாயும் அப்படியே. நீர் வற்றும் மாதங்களில் அலையைவிட அடிக்கட்டைகள் மோசம். பக்கத்து மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில், மூழ்கிய பழைய மஸ்கெலியா ஊரின் கோவில் சுவர்களே வெளியே வரும். பைபர் அதில் உரசினால் கிழியும். படகு விடும் அனுமதிக்கு ஒரு மேசை இன்னொரு மேசையைக் கைகாட்டும். எழுத்தில் கேளுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கிறீர்களா என்று பார்க்க ஆளிருக்காது, கடதாசி பார்க்க மட்டும் ஆளிருக்கும்.

சோதனையில் சுவர் விளிம்பு மட்டும் ஒழுகினால் படகைக் கைவிட வேண்டாம், விலையைக் குறையுங்கள். பழைய பசையை உளியால் சுரண்டி, 80 நம்பர் மணல்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, கடற்படகுக்கான பொலியூரித்தேன் பசையை இருபுறமும் விரலால் அழுத்திப் பூசுங்கள். ஹார்ட்வெயார் கடைச் சிலிக்கன் ஆகாது; அது உரிந்துவிடும், அதன் மிச்சம் கிடக்கும் இடத்தில் பிறகு வேறு பசையும் ஒட்டாது. மழைக்காற்றில்லாத கூரையடியில் ஒரு வாரம் காயவிட்டு, மறுபடி பத்து லீற்றர் ஊற்றிப் பாருங்கள்.