ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் ஹெபடைடிஸ் சி இருக்கிறது என்றே அர்த்தமா? குணமாகுமா?

ரத்த தானம் செய்த இடத்தில் ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று சொல்லிவிட்டார்கள், உடம்புக்கு ஒன்றுமே இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இப்படித்தான் தெரியவந்தது. ரத்த வங்கியிலிருந்து போன், "ஒருமுறை நேரில் வந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார்கள். அதிலேயே பாதி உயிர் போய்விட்டது.

ஹெபடைடிஸ் சி என்பது கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று. ஆன்டிபாடி என்பது அந்த வைரஸ் இல்லை. வைரஸ் எப்போதோ உள்ளே வந்தது என்பதற்கு உடம்பில் இருக்கும் தடயம், அவ்வளவுதான். தொற்று வந்த 100 பேரில் 15 முதல் 45 பேருக்கு எந்த மருந்தும் இல்லாமல் ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடுகிறது, ஆனால் அவர்களுக்கும் இந்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றுதான் வரும். வைரஸ் இப்போது இருக்கிறதா என்று சொல்வது ஆர்என்ஏ பிசிஆர் என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை, சிலர் வைரல் லோடு என்பார்கள். அதை எடுக்கும்வரை தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் (நான் கெடுத்துக்கொண்டேன், ஒரு பிரயோஜனமும் இல்லை). உடம்பு நன்றாக இருக்கிறது, மஞ்சள் காமாலை வரவில்லை என்று பிசிஆர் எடுக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த வைரஸ் இருபது வருடம்கூடச் சத்தமே இல்லாமல் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டிருக்கும்.

எனக்குப் பிசிஆரில் வைரஸ் இருந்தது. அப்புறம் ஸ்கேன், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க ஃபைப்ரோஸ்கேன், கூடவே ஹெபடைடிஸ் பி பரிசோதனை. சி-க்கு வந்தவனுக்கு பி எதற்கு என்று கேட்டேன். பி வைரஸ் உள்ளே அடங்கிக் கிடந்தால், சி-யை விரட்டும்போது அது கிளம்பிவிடுமாம். உங்களுக்கு இதைப் பார்க்கவில்லை என்றால் கேட்டு வாங்கிப் பாருங்கள், மாத்திரை தொடங்குவதற்கு முன்பே.

சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம். டப்பாவுக்கு 28 என்று மூன்று டப்பா. முதல் இரண்டு வாரம் தலைவலியும் அசதியும் இருந்தன, அப்புறம் மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதே மறந்துவிடும்போல இருந்ததால் மூடியில் தேதி எழுதி வைத்தேன். இந்த வகை மருந்துகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குமேல் குணமாகிறது. யாராவது ஊசி, ஒரு வருடம், விடாத காய்ச்சல், மனச்சோர்வு என்று பயமுறுத்தினால் அவர்கள் சொல்வது இன்டர்ஃபெரான் என்ற பழைய ஊசி மருந்து காலத்துக் கதை.

வேறு மாத்திரை எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். நான் வருடக்கணக்கில் சாப்பிட்டுவந்த ஒமெப்ரசோல் என்ற அசிடிட்டி மாத்திரையை நிறுத்தச் சொன்னார், அது வெல்படாஸ்விர் உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடுமாம். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், சோஃபோஸ்புவிருடன் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும்.

வீட்டில் தட்டு, டம்ளரை எல்லாம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். கேட்டதும் டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. சேர்ந்து சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ பரவாது, ரத்தத்தில்தான் பரவும். ரேசர், நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் இவற்றை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

மருந்து முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் பிசிஆர்தான் முக்கியம். அதில் வைரஸ் இல்லையென்றால் குணம், ஆனால் மறுபடி தொற்றினால் மறுபடி வரும், இதற்குத் தடுப்பூசி கிடையாது. கல்லீரல் ஏற்கெனவே சுருங்கியிருந்தால் குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் தொடர வேண்டும்.

இன்னொன்று, ஆன்டிபாடி அதற்கப்புறமும் பாசிட்டிவாகவேதான் வரும். போன வருடம் வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் வந்தது, அங்கிருந்தவரும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு "உட்காருங்க" என்றார். போனில் இருந்த பிசிஆர் ரிப்போர்ட் படத்தைக் காட்டினேன்.