சர்வரைத் தாக்கும் ஐபி முகவரி: யாரிடம், எப்படிப் புகார் செய்வது?

வாசகர் கேள்வி: ஒரு சிறு நிறுவனத்தின் இணையதளமும் மின்னஞ்சலும் இயங்கும் லினக்ஸ் சர்வரை நான் பராமரித்துவருகிறேன். தொலைவிலிருந்து சர்வரை இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக நுழைய முயன்று தோற்ற பதிவுகள், நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் லாக் கோப்பில் இரவு பகலாகக் குவிகின்றன. பலமுறை தோற்கும் முகவரிகளை ஃபெயில்டூபேன் என்ற நிரல் தடுத்தாலும் சற்று நேரத்தில் வேறு முகவரிகள் வந்துவிடுகின்றன. இவற்றின் உரிமையாளர்களைக் கண்டுபிடித்துப் புகார் செய்ய முடியுமா? செய்தால் பலன் உண்டா? ஐபி முகவரி யாருக்கு ஒதுக்கப்பட்டது என்று காட்டும் ஹூஇஸ் தேடலில் கிடைக்கும் பெயர்தான் தாக்குபவருடையதா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், மற்ற இரண்டும் அதைப் பொறுத்தே அமைகின்றன. ஹூஇஸ் காட்டும் பெயர் பெரும்பாலும் தாக்குபவருடையது அல்ல. அந்த முகவரி அடங்கிய நெட்வொர்க்குக்குப் பொறுப்பான நிறுவனத்தின் பெயர் அது. அந்த முகவரியில் இருக்கும் கணினியும் பல நேரங்களில் வேறு யாரோ ஏற்கெனவே கைப்பற்றிய ஒன்றாகவே இருக்கும்: கடவுச்சொல் மாற்றப்படாத ரூட்டர், கண்காணிப்புக் கேமரா, யாரும் கவனிக்காமல் விட்ட வாடகை சர்வர். 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை முயன்றுபார்த்தே எண்ணற்ற கேமராக்களையும் வீடியோ பதிவுக் கருவிகளையும் வசப்படுத்தியது. ஆகவே நீங்கள் எழுதப்போவது குற்றவாளிக்கான கடிதம் அல்ல. தன் வளாகத்தில் என்ன நடக்கிறது என்று அறியாத ஒருவருக்குத் தரும் தகவல் அது. எப்படி எழுத வேண்டும், யாருக்கு எழுதினால் பலன் கிடைக்கும் என்பதெல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

புகாருக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. தோற்ற முயற்சிகளையே எண்ணிக்கொண்டிருக்காமல், அதே முகவரியிலிருந்து ஏதேனும் ஒரு முயற்சி வென்றிருக்கிறதா என்று பாருங்கள். உபுண்டுவில் ஆத்.லாக் என்ற கோப்பிலும், ரெட்ஹேட் வழிவந்தவற்றில் செக்யூர் என்ற கோப்பிலும் இந்தப் பதிவுகள் இருக்கும். டெபியன் 12 முதல் இயல்பான நிறுவலில் அத்தகைய கோப்பே இருக்காது என்பதால் சிஸ்டம்டி என்ற மேலாண்மை நிரலின் பதிவேடான ஜர்னலில் தேட வேண்டும். கடவுச்சொல்லோ, அதற்குப் பதிலாகப் பயன்படும் மறையீட்டுச் சாவியோ ஏற்கப்பட்டதாக ஒரு வரி அந்த முகவரிக்கு எதிரே இருந்தால், கதை மாறிவிட்டது. அப்போது புகார் எழுதுவது இரண்டாம் பட்சம். சர்வரை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, வட்டின் நகலை எடுத்து, எல்லாச் சாவிகளையும் கடவுச்சொற்களையும் மாற்றி, சுத்தமான நிறுவலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.

அப்படி எதுவும் இல்லையென்றால், தோற்ற வரி ஒன்றைப் பொறுமையாகப் படித்துப்பாருங்கள். வரியின் தொடக்கத்தில் தேதியும் நேரமும், அடுத்து உங்கள் சர்வரின் பெயர், எஸ்எஸ்எச் சேவையின் செயல்முறை எண், பிறகு ‘அட்மின் என்ற செல்லாத பயனருக்கான கடவுச்சொல் தோல்வி, 203.0.113.45 முகவரியின் 51234 போர்ட்டிலிருந்து’ என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கும். (203.0.113 என்று தொடங்கும் முகவரிகள் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. யாரையும் சுட்டுவன அல்ல.) செல்லாத பயனர் என்றால் அப்படியொரு கணக்கே உங்களிடம் இல்லை, எதிர்ப்பக்கத்து நிரல் ஒரு பெயர்ப் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு முயன்றுபார்க்கிறது என்று பொருள். மாறாக, உங்கள் அலுவலகத்தில் மட்டுமே வழங்கும் ஒரு பயனர்பெயர் அங்கே தென்பட்டால், யாரோ உங்களைப் பற்றி விசாரித்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஆயிரம் ‘அட்மின்’ வரிகளைவிட அந்த ஒற்றை வரியே என் கவனத்தை அதிகம் ஈர்க்கும்.

அந்த வரியில் பலர் பொருட்படுத்தாமல் விடுவது போர்ட் எண், அதாவது ஒரே முகவரியின் இணைப்புகளைப் பிரித்தறிய உதவும் எண். பழைய வகையான ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோன நிலையில், கைபேசி நிறுவனங்கள் உள்ளிட்ட பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை ஏராளமான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. அந்த முகவரியை மட்டும் சொன்னால் அவர்களில் யார் என்று அந்த நிறுவனத்தாலேயே கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். முகவரியும் மூலப் போர்ட் எண்ணும் (இணைப்பைத் தொடங்கிய பக்கத்தின் போர்ட்) துல்லியமான நேரமும் சேர்ந்தால்தான் ஆளை அடையாளம் காண வழி உண்டு. சர்வர்கள் மூலப் போர்ட்டையும் பதிவுசெய்ய வேண்டும் என்று 2011இல் வெளியான ஆர்எஃப்சி 6302 என்ற இணைய வழிகாட்டு ஆவணம் பரிந்துரைப்பது இதற்காகத்தான். எஸ்எஸ்எச் அதைத் தானாகவே பதிகிறது. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர்களின் வழக்கமான லாக் வடிவத்தில் அது இருக்காது, நீங்களே சேர்க்க வேண்டும். நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு: லாக் எழுதும் ஆர்சிஸ்லாக் நிரலின் பழைய வடிவத்தில் ஆண்டும் இருக்காது, நேர மண்டலமும் இருக்காது. சர்வரின் கடிகாரத்தை என்டிபி என்ற நேர ஒத்திசைவு முறை கொண்டு சரிப்படுத்தி, புகாரில் எல்லா நேரங்களையும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் குறிப்பிடுங்கள்.

லாக் காட்டும் முகவரி உண்மையானதுதானா என்பது அடுத்த கேள்வி. எஸ்எஸ்எச், முதலில் இணைப்பை உறுதிசெய்யும் டிசிபி முறை வழியாக இயங்குகிறது. இரு பக்கமும் பதில் பரிமாறிக்கொண்ட பிறகே கடவுச்சொல் கேட்கும் கட்டம் வரும் என்பதால், அந்த முகவரியைப் பொதுவாக நம்பலாம். அந்த உறுதிசெய்தல் இல்லாத யூடிபி முறையில் பாக்கெட்டுகளைக் குவிக்கும் வெள்ளத் தாக்குதல்களில் அப்படி நம்ப முடியாது. அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுதிய பாக்கெட்டுகளை நெட்வொர்க்கின் எல்லையிலேயே வடிகட்ட வேண்டும் என்று பிசிபி 38 என்ற வழிகாட்டுதல் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. இன்றும் எல்லா நெட்வொர்க்குகளும் அதைச் செய்வதில்லை. டொமைன் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர்கள், என்டிபி சர்வர்கள் வழியாகத் தாக்குதலைத் திருப்பிவிடும்போது உங்கள் லாக்கில் தெரிபவை அந்த இடைப்பட்ட சர்வர்களின் முகவரிகளே. அவற்றின் பொறுப்பாளர்களுக்கு எழுதுவதானால், ‘உங்கள் டிஎன்எஸ் சர்வர் எல்லாருக்கும் திறந்துகிடக்கிறது’ என்று எழுத வேண்டுமே தவிர, ‘நீங்கள் தாக்குகிறீர்கள்’ என்று அல்ல.

உங்கள் இணையதளம் கிளவுட்ஃப்ளேர் போன்ற இடைநிலைச் சேவைக்குப் பின்னால் இருந்தால் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. முறையாக அமைக்காவிட்டால், வெப் சர்வரின் லாக்கில் வருகையாளரின் முகவரிக்குப் பதிலாக அந்தச் சேவையின் முகவரிகளே பதிவாகும். அவற்றைப் புகார் செய்வது வீண். ஃபயர்வாலில் தடுப்பதோ உங்கள் வாடிக்கையாளர்களையே வெளியே நிறுத்திவிடும். உண்மையான முகவரி, கோரிக்கையோடு வரும் தனியொரு தலைப்பு வரியில் (ஹெடர்) வந்துசேரும். ஆனால் அந்த வரியை யார் வேண்டுமானாலும் போலியாக எழுதி அனுப்பலாம் என்பதால், இடைநிலைச் சேவையின் அறியப்பட்ட முகவரிகளிலிருந்து வரும்போது மட்டுமே அதை ஏற்கும்படி வெப் சர்வரை அமைக்க வேண்டும்.

இனி, யாருக்கு எழுதுவது? உலகின் ஐபி முகவரிகளை ஐந்து வட்டாரப் பதிவகங்கள் பங்கிட்டுத் தருகின்றன: ஆசிய பசிபிக் பகுதிக்கு ஏப்நிக், ஐரோப்பாவுக்கும் மேற்காசியாவுக்கும் ரைப் என்சிசி, வட அமெரிக்காவுக்கு ஆரின், லத்தீன் அமெரிக்காவுக்கு லாக்நிக், ஆப்பிரிக்காவுக்கு ஆஃப்ரிநிக். இந்தப் பதிவகங்களிடமே தாக்குதலைப் புகார் செய்வது, தொல்லை அழைப்பு வந்ததற்காகத் தொலைபேசி டைரக்டரியை அச்சிட்டவரிடம் முறையிடுவதைப் போன்றது. அவர்கள் பராமரிக்கும் பதிவேட்டில் முறைகேடு குறித்த தொடர்பு முகவரியை எடுத்துக்கொள்வதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. ரைப் பதிவுகளில் அது அப்யூஸ்-சி என்ற குறிப்பிலும், ஏப்நிக் பதிவுகளில் ஐஆர்டி என்ற பிரிவிலும் இருக்கும். ஹூஇஸைவிட, அதன் அடுத்த தலைமுறையான ஆர்டிஏபி வழியாகத் தேடினால் விடை ஒழுங்கான வடிவில் வரும். பெரிய தொகுதிக்குள் சிறிய தொகுதி ஒன்று வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தால், அந்தச் சிறிய தொகுதியின் தொடர்பையே முதலில் நாடுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால், அந்த நிறுவனத்தின் டொமைனில் அப்யூஸ் என்ற பெயரிலான அஞ்சல் பெட்டிக்கு எழுதலாம். அப்படியொரு பெட்டி இருக்க வேண்டும் என்பது 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2142 காலத்து மரபு. பெரிய கிளவுட் நிறுவனங்கள் தங்கள் இணையப் படிவத்தை நிரப்பச் சொல்வதே வழக்கம்.

முகவரியைத் தலைகீழாக, அதாவது முகவரியிலிருந்து டொமைன் பெயரைத் தேடும்போது கிடைக்கும் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்தப் பெயரை முகவரித் தொகுதியை வைத்திருப்பவர் விரும்பியபடி எழுதிவைக்கலாம். கூகுளின் தேடல் நிரல் என்று சொல்லிக்கொண்டு வரும் ஒரு முகவரியைச் சோதிக்க, தலைகீழ்த் தேடலில் வந்த பெயரை மறுபடியும் நேர்வழியில் தேடி, அதே முகவரி திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். ஒரு கடிதத்தில் ஒரு முகவரி. தலைப்பிலேயே அந்த முகவரியும் ‘எஸ்எஸ்எச் கடவுச்சொல் தாக்குதல்’ என்ற குறிப்பும். உள்ளே, ‘உங்கள் நெட்வொர்க்கைச் சேர்ந்த 203.0.113.45 முகவரி, எங்கள் சர்வரின் 22ஆம் போர்ட்டில் இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை கடவுச்சொற்களை முயன்றது, நேரங்கள் யூடிசி, அந்தக் கணினி கைப்பற்றப்பட்டிருக்கக்கூடும், சான்று கீழே’ என்ற அளவில் எழுதி, அதன்கீழ் ஐந்து முதல் பத்து லாக் வரிகளை வெறும் உரையாக ஒட்டினால் போதும். திரைப்பிடிப்புப் படங்களை அனுப்பாதீர்கள். வந்த புகார்களைப் பிரித்து வரிசைப்படுத்தும் நிரல்கள் அவற்றைச் சரியாகப் படிப்பதில்லை. கோபமும் வழக்கு மிரட்டலும் கடிதத்தை நேரே சட்டப் பிரிவுக்குத் தள்ளிவிடும். அங்கே அது உறங்கும். உள்ளூர் மொழி தெரியாவிட்டால் எளிய ஆங்கிலத்தில் எழுதுவதே நடைமுறை.

அனுப்பும் முன் லாக் வரிகளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். உங்கள் ஊழியர் அவசரத்தில் பயனர்பெயர் கேட்கும் இடத்தில் கடவுச்சொல்லைத் தட்டியிருந்தால், அது அப்படியே லாக்கில் கிடக்கும். வெப் சர்வர் லாக்கில் வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் கடவுச்சொல் மீட்பு இணைப்புகளும் இருக்கலாம். இதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது: உங்கள் புகாரைப் பெறும் நிறுவனம் அதை எதையும் மாற்றாமல் தன் வாடிக்கையாளருக்கு அனுப்பிவைப்பது சாதாரணம், அந்த வாடிக்கையாளரே தாக்குபவராகவும் இருக்கக்கூடும். எனவே சொந்தப் பெயரும் கைபேசி எண்ணும் கடிதத்தில் வேண்டாம். அலுவலகத்தின் பொது அஞ்சல் பெட்டியிலிருந்து அனுப்புங்கள்.

பொதுத் தரவுத்தளங்கள் வேறொரு வழி. அப்யூஸ்ஐபிடிபி தளத்தில் தாக்குதலின் வகையைக் குறித்து ஒரு முகவரியைப் பதிவுசெய்யலாம். பலரின் புகார்களைக் கொண்டு அது 0 முதல் 100 வரை ஒரு மதிப்பைக் காட்டுகிறது. 2000இல் தொடங்கிய டிஷீல்டு ஃபயர்வால் லாக்குகளைத் திரட்டி, எந்தப் போர்ட்டுகள் எங்கிருந்து தட்டப்படுகின்றன என்பதைக் கவனிக்கிறது. ஃபெயில்டூபேன் தடுக்கும் ஒவ்வொரு முகவரியும் தானாகவே புகாராகும்படி அமைப்பது எளிது. அதை நான் உடனே பரிந்துரைக்க மாட்டேன். அதன் இயல்பான அமைப்பு, பத்து நிமிடத்துக்குள் ஐந்து முறை தோற்றால் தடை என்பது. கடவுச்சொல்லை மறந்த உங்கள் சக ஊழியர் ஒருவர் அந்த எல்லையை எளிதாகத் தாண்டி, உலகுக்கே தாக்குநராக அறிவிக்கப்பட்டுவிடுவார். சொந்த முகவரிகளை விலக்குப் பட்டியலில் சேர்த்து, சில வாரங்கள் கையால் சரிபார்த்த பிறகே தானியங்கிப் புகாரை இயக்குங்கள். குறிப்பில் எழுதுவதை எல்லோரும் படிக்க முடியும் என்பதால், சர்வரின் பெயரையும் பயனர்பெயர்களையும் நீக்கிவிடுங்கள்.

எல்லா முகவரிகளும் புகாருக்குத் தகுதியானவை அல்ல. ஷோடன், சென்சிஸ் போன்ற தேடல் சேவைகள் இணையம் முழுவதையும் வருடிச் செல்கின்றன. ஒருமுறை தட்டிவிட்டுப் போவதற்கெல்லாம் கடிதம் எழுதுவது நேர விரயம். பயனரின் அடையாளத்தை மறைக்கும் டோர் நெட்வொர்க்கின் வெளியேறு முனைகளும் அப்படியே: அவற்றின் பட்டியலை டோர் திட்டமே வெளியிடுகிறது, தேவையில்லையென்றால் தடுத்துவிடலாம், முனையை நடத்துபவருக்கு உள்ளே யார் என்று தெரியாது. நாள்கணக்கில் தொடரும் முயற்சிகள், உங்கள் உண்மையான கணக்குகளைக் குறிவைப்பவை, பல்கலைக்கழகம், மருத்துவமனை, பெயர்பெற்ற ஹோஸ்டிங் நிறுவனம் ஆகியவற்றின் முகவரிகளிலிருந்து வருபவை ஆகியவற்றுக்கே எழுதத் தகும். அங்கெல்லாம் படித்துப் பார்த்துக் கணினியை நிறுத்த ஓர் ஆள் இருப்பார். நிரல் அனுப்பும் ஒப்புகைக்கு மேல் பதில் வராமலே தாக்குதல் நின்றுபோவதும் உண்டு. சில நாள்கள் கழித்தும் நிற்கவில்லையென்றால், நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் ஏஎஸ் எண்ணைக் கொண்டு அந்த நெட்வொர்க்குக்கு இணைப்புத் தரும் மேல்நிலை நிறுவனத்துக்கு எழுதலாம். புகார்களைப் புறக்கணிப்பதையே தொழிலாகக் கொண்ட ஹோஸ்டிங் நிறுவனங்களும் இருக்கின்றன. அவர்களுக்கு எழுதி அயராமல், இத்தகைய தீய நெட்வொர்க்குகளைத் தொகுத்துத் தரும் ஸ்பாம்ஹாஸின் டிராப் பட்டியலைக் கொண்டு மொத்தமாகத் தடுத்துவிடுங்கள். எதிர்ப்பக்கத்துக் கணினிக்குள் நீங்கள் நுழைந்து பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. அது சட்டப்படியும் குற்றம், அந்தக் கணினியின் சொந்தக்காரரும் உங்களைப் போலப் பாதிக்கப்பட்டவராகவே இருக்கக்கூடும்.

இதற்கிடையே உங்கள் சர்வரில், கடவுச்சொல் நுழைவை நிறுத்திச் சாவி நுழைவை மட்டும் அனுமதித்தால், லாக்கில் குவியும் வரிகளுக்கு ஆபத்து என்ற மதிப்பே போய்விடும். 22ஐ விட்டு வேறு போர்ட்டுக்கு மாறுவது இரைச்சலைக் குறைக்கும், பாதுகாப்பைக் கூட்டாது. தடை முடிந்ததும் திரும்பி வருபவர்களுக்கு ஃபெயில்டூபேனின் ரெசிடிவ் பிரிவை இயக்குங்கள்; ஒரு நாளுக்குள் மீண்டும் மீண்டும் தடைபெறும் முகவரியை அது ஒரு வாரத்துக்கு விலக்கிவைக்கும். புதிய வகையான ஐபிவி6 முகவரி என்றால் தனி முகவரியைத் தடுப்பதில் பயன் இல்லை, /64 என்று குறிக்கப்படும் பெரிய தொகுதியாகத் தடுக்க வேண்டும், ஏனெனில் ஒரே வாடிக்கையாளருக்கு அந்தத் தொகுதி முழுவதும் கிடைத்திருக்கும்.

புகார் அனுப்பிய அன்றே, சான்றாகக் கொடுத்த வரிகள் அடங்கிய லாக் கோப்பின் நகலைச் சர்வருக்கு வெளியே சேமித்து, கோப்பு மாறவில்லை என்று பிறகு காட்ட உதவும் அதன் ஷா256 மதிப்பையும் குறித்துவையுங்கள். உபுண்டுவின் இயல்பான அமைப்பு வாரத்துக்கொரு கோப்பாக நான்கு பழைய கோப்புகளை மட்டுமே வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து கூடுதல் விவரம் கேட்டு மின்னஞ்சல் வருவது அதற்கும் பிறகாக இருக்கலாம்.