ஆச்சியைக் கேளுங்கள்: சாலட்டுக்குக் காரசாரமான தயிர்க் கலவை

ஆச்சி, சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் ஊருக்கு வந்தால் ராத்திரிக்கு சாலட்தான் கேட்கிறாள். கடை மயோனைஸ் போட்டால் ஒரே எண்ணெய். தயிரில் மிளகாய்த்தூளைக் கலந்து ஊற்றினால் சற்று நேரத்தில் கிண்ணமெல்லாம் தண்ணீர். கெட்டியாக, காரமாக, வயிற்றுக்கும் லேசாக வீட்டிலேயே செய்ய வழி உண்டா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

உண்டு. மயோனைஸில் பெரும்பங்கு எண்ணெய்தான், உங்கள் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பச்சை முட்டையில் செய்ததென்றால் கிருமி பயம் வேறு. 2025 ஏப்ரலில் நம் அரசு அதற்கு ஓராண்டுத் தடை போட்டதும் அதனால்தான்.

ஆவின் நீல பாக்கெட் பாலில் கொழுப்பு 3 சதவீதம். அதில் உறை ஊற்றிய, புளிக்காத தயிர் அரை லிட்டர் எடுத்து, பழைய மல் வேட்டித் துணியில் கட்டி, கீழே பாத்திரம் வைத்து ஃபிரிட்ஜுக்குள் தொங்க விடுங்கள். இரண்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட பாதி தண்ணீராக இறங்கிவிடும். அதைக் கொட்டாதீர்கள், ரசத்துக்கு ஆகும்.

அப்புறம் காரம். மிளகாயின் காரம் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய்க்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். சிறு தீயில் குண்டு மிளகாய் 3, மிளகு 10, சோம்பு அரைத் தேக்கரண்டி போட்டு வறுங்கள். மிளகாய் கருகினால் எல்லாம் கசந்துபோகும், உப்பி நிறம் மாறியதும் இறக்கிவிடுங்கள். கொஞ்சம் வெந்நீரில் மிளகாயை ஊறவைத்து, ஒரு பல் பூண்டும் அரை மூடி எலுமிச்சைச் சாறும் விட்டு மையாக அரையுங்கள். சாற்றோடு சேர்த்து அரைத்தால் பூண்டின் நெடி அடங்கும். ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலைத் தூளையும் விழுதையும் தயிரில் போட்டு மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் தயிரைச் சுற்றினால் நீர்த்துப்போகும்.

தண்ணீர் விடுவதற்குத் தயிர் மட்டும் காரணமில்லை. உப்புப் பட்டதும் வெள்ளரியும் தக்காளியும் தண்ணீரைக் கக்கும். காயை நறுக்கித் துணியில் ஒற்றி வையுங்கள். உப்பையும் கலவையையும் மகள் சாப்பிட உட்கார்ந்த பிறகு சேருங்கள்.

இதைக் காலையிலேயே கலந்து பிள்ளைகளுக்குப் பள்ளிக்குக் கொடுத்துவிடலாமா?
- காரைக்குடி வாசகர்

நம் ஊர் வெயிலுக்கு வேண்டாம். மதியத்துக்குள் புளித்துவிடும். வீட்டில் ஃபிரிட்ஜில் மூடி வைத்து, மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு மிளகாயை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கல்பாசி, மராட்டி மொக்கு சேர்த்தால் செட்டிநாட்டு மணம் வருமா ஆச்சி?
- பள்ளத்தூர் வாசகி

வராது தாயி. இரண்டும் எண்ணெயில் பொரிந்து கறியோடு கொதித்தால்தான் மணக்கும். பச்சைத் தயிரில் போட்டால் கல்பாசி மண் வாசம்தான் அடிக்கும். சோம்பும் மிளகும் போதும். மணம் கூட வேண்டுமென்றால் நாலு கறிவேப்பிலையை மொறுமொறுவென்று வறுத்து நொறுக்கித் தூவுங்கள்.